எனக்கே புரியாத அறிவியலை என் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பேன்?

கேள்வி: நாங்கள் மதுரையிலிருந்து வந்து ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் குடியிருக்கிறோம். மகனுக்கு ஆஸ்துமா இருப்பதால் அடிக்கடி பள்ளிக்கு விடுப்பு எடுக்க நேர்ந்தது. இந்த ஆண்டு முதல் அவனையும் அவனுடைய அக்காவையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. நான் பி.காம். படித்தவள், பத்தாம் வகுப்போடு அறிவியலுக்கு விடை கொடுத்துவிட்டேன். மற்ற பாடங்களைச் சமாளிக்கிறேன், அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் பயம் வந்துவிடுகிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று புத்தகம் சொல்கிறது, எங்கள் அடுப்பில் 95 டிகிரியைத் தாண்டவே இல்லை. வெப்பமானி கெட்டுவிட்டது என்று எடுத்து வைத்துவிட்டேன். கோடை ஏன் வருகிறது என்று மகன் கேட்டான். பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் என்றேன். அது தவறு என்கிறாள் மகள், ஆனால் ஏன் தவறு என்று எங்கள் இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வேதிச் சமன்பாடுகளை அவள் மனப்பாடம் செய்கிறாள், மின்சுற்றுப் பாடமும் அப்படியே போகிறது. அடுத்த ஆண்டு இயற்பியல்–வேதியியல் பாடத்தை எடுக்க ஆசைப்படுகிறாள். என்னால் கற்பிக்க முடியாது என்பதால் வேறு பாடம் எடுக்கச் சொல்லலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

முதலில் அந்த வெப்பமானியை வெளியே எடுங்கள். அது கெட்டுப்போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் வீட்டில் செய்த சோதனை சரியாகவே நடந்திருக்கிறது. சொல்லப்போனால், உங்கள் ஊரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்திருந்தால்தான் நான் அந்த வெப்பமானியைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

தண்ணீர் கொதிப்பது என்றால், அதற்குள்ளே உண்டாகும் நீராவிக் குமிழிகள் மேலிருந்து அழுத்தும் காற்றின் அழுத்தத்தைத் தாங்கி வளர்ந்து மேலே வருவது. காற்றின் அழுத்தம் குறைவாக இருக்கும் இடத்தில் அந்தக் குமிழிகள் குறைந்த வெப்பத்திலேயே வளர்ந்துவிடும். கடல்மட்டத்தில் அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே அது 83 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கிறது. தோராயமாக 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டு மகனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 94க்கும் 95க்கும் இடையில் விடை வரும். மதுரையில் வைத்த நேரத்துக்குள் இங்கே பருப்பு வேகவில்லை என்பதை நீங்கள் சமையலறையில் எத்தனையோ முறை கவனித்திருப்பீர்கள். அதற்குக் காரணமும் இதுதான். குக்கரில் அந்தச் சிக்கல் வராததற்குக் காரணம், மூடிய பாத்திரத்துக்குள் அழுத்தம் கூடும்போது கொதிநிலையும் கூடிவிடுகிறது.

இருந்தாலும் நான் சொன்னேன் என்பதற்காக அவன் இதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். வெப்பமானி சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது: நன்றாக நொறுக்கிய பனிக்கட்டியில் சிறிது தண்ணீர் சேர்த்து, கலக்கி, அதில் வெப்பமானியைச் சிறிது நேரம் வையுங்கள். பனிக்கட்டி உருகும் வெப்பநிலை, கொதிநிலையைப் போல ஊரின் உயரத்துக்கேற்ப மாறுவதில்லை என்றே சொல்லலாம். ஆகவே அது சுழியத்தைக் காட்டினால் வெப்பமானியின் மேல் இருந்த பழி பெரும்பாலும் நீங்கிவிடும். அடுத்த முறை நீங்கள் கடற்கரை ஊரான டர்பனுக்குப் பயணம் வரும்போது அதே வெப்பமானியைக் கையோடு கொண்டுவாருங்கள். புறப்படுவதற்கு முன், டர்பனில் என்ன காட்டும் என்பதையும், வழியில் சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ள பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் தங்கினால் அங்கே என்ன காட்டும் என்பதையும் அவன் கணித்து நோட்டில் எழுதி வைக்கட்டும். முன்கூட்டியே எழுதி வைத்த 98 என்ற எண்ணை வெப்பமானி காட்டுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அழுத்தத்தையும் கொதிநிலையையும் பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

இதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளாக உயர்நிலை வகுப்புகளுக்கு இயற்பியலும் வேதியியலும் கற்பித்து வரும் எனக்கு, உங்கள் கடிதத்தில் கவலை தந்தது நீங்கள் பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டது அன்று. புத்தகம் ஒன்றைச் சொல்லி அடுப்பு வேறொன்றைச் சொன்னபோது நீங்கள் அடுப்பை நம்பாமல் சோதனையை நிறுத்திவிட்டதுதான். மொழியிலும் வரலாற்றிலும் பெற்றோருக்கு விடை தெரிந்திருப்பது பெரிய உதவி. அறிவியலில், குறிப்பாக இந்த வயதில், விடை தெரிந்தவர் பக்கத்தில் இருப்பதைவிட, விடை கிடைக்கும்வரை விடாமல் கேட்கிறவர் பக்கத்தில் இருப்பதே பிள்ளைகளுக்கு அதிகம் தேவைப்படுகிறது. புத்தகமும் அளவீடும் ஒத்துப்போகாதபோது, கருவியில் தவறா, நாம் செய்த முறையில் தவறா, அல்லது புத்தகம் சொல்லாமல் விட்ட நிபந்தனை ஏதாவது இருக்கிறதா என்று அந்த வரிசையில் கேளுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்க எந்தப் பட்டமும் வேண்டாம். உங்கள் புத்தகம் சொல்லாமல் விட்ட நிபந்தனை ‘கடல்மட்டத்தில்’ என்பது.

கோடையைப் பற்றிய விஷயத்தில் உங்கள் மகள் சொன்னதே சரி. ஆனால் நீங்கள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை அவளிடம் சொல்லுங்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி மாதத் தொடக்கத்தில்தான். அப்போது தொலைவு சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். தென்னாப்பிரிக்காவில் ஜனவரி கோடை என்பதால் உங்கள் விளக்கம் இங்கே பொருந்துவது போலத் தோன்றும். அதை உடைக்கும் சான்று உங்கள் சொந்த ஊரிலேயே இருக்கிறது: அதே நாட்களில் மதுரையில் மார்கழிப் பனி. தொலைவுதான் காரணம் என்றால் பூமி முழுவதும் ஒரே நேரத்தில் கோடை வந்திருக்க வேண்டும். உண்மையான காரணம், பூமியின் அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருப்பது. டிசம்பரில் தென்கோளம் சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, ஜூனில் வடகோளம்.

ஏழாம் வகுப்பின் இந்தப் பாடத்துக்கு நான் பரிந்துரைப்பது ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சி ஒன்றையும் ஓர் அளவு நாடாவையும்தான். சமதளமான தரையில் குச்சியைச் செங்குத்தாக நட்டு, பன்னிரண்டு மணிக்குக் கால் மணி நேரம் முன்பிருந்து அரை மணி நேரம் பின்புவரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறித்து வாருங்கள். மிகக் குட்டையான நிழல்தான் நண்பகல் நிழல். உங்கள் ஊரில் ஜூன் 21 அளவில் அது சுமார் 117 சென்டிமீட்டர் இருக்கும், டிசம்பர் 21 அளவில் வெறும் 5 சென்டிமீட்டர்தான் இருக்கும்; ஆனால் இரண்டு நாட்களிலும் நிழல் தெற்கு நோக்கியே விழும், ஏனெனில் ஜோகன்னஸ்பர்க்கில் சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வருவதில்லை. இப்போது மதுரையில் இருக்கும் தாத்தா பாட்டியையோ மாமாவையோ அதே நாளில் அங்கே நண்பகல் நிழலை அளந்து சொல்லச் சொல்லுங்கள். டிசம்பரில் அவர்களுடைய ஒரு மீட்டர் குச்சியின் நிழல் வடக்கு நோக்கி சுமார் 66 சென்டிமீட்டர் விழும். ஜூனில் அதே குச்சியின் நிழல் தெற்கு நோக்கித் திரும்பி 24 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். இரண்டு ஊர்களின் நான்கு எண்களையும் ஒரே தாளில் எழுதி, ஒரு பந்தில் இரண்டு குண்டூசிகளைக் குத்தி விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், இந்தப் பாடத்தை உங்கள் மகனே உங்களுக்கு விளக்குவான். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒரு வாய்ப்பு உங்கள் குடும்பத்துக்கு இருக்கிறது. இரண்டு கோளங்களிலும் உறவினர்கள் இருப்பதை இந்தப் பாடத்துக்குப் பயன்படுத்தாமல் விடாதீர்கள்.

இதையொட்டி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வானியல் காணொளிகளில் மிகப் பெரும்பாலானவை வடகோளத்தில் இருப்பவர்களுக்காகத் தயாரானவை. வளர்பிறையில் நிலவின் வலப்பக்கம் ஒளிரும் என்று அவை காட்டும். உங்கள் வாசலிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் ஒளிரும். பிள்ளைகள் படத்தையும் வானத்தையும் ஒப்பிட்டுக் குழம்பினால், வானத்தைத்தான் முதலில் நம்ப வேண்டும்.

மகளின் வேதிச் சமன்பாடுகளுக்கு வருகிறேன். இந்த இடத்தில் உங்கள் பி.காம். படிப்பு நேரடியாகவே உதவும். சமன்பாட்டைச் சமன் செய்வது இரட்டைப் பதிவுக் கணக்கைப் போன்றது: இடப்பக்கம் எத்தனை அணுக்கள் வந்தனவோ அத்தனையும் வலப்பக்கத்தில் கணக்குக் காட்டப்பட வேண்டும், ஒன்றுகூடக் காணாமல் போகக்கூடாது, புதிதாக முளைக்கவும் கூடாது. மகளுக்குக் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் கொடுங்கள். கடலை ஆக்சிஜன் அணு, பயறு ஹைட்ரஜன் அணு. ஆக்சிஜன் வாயுவில் இரண்டு கடலைகள் எப்போதும் சேர்ந்தே இருக்கும், ஹைட்ரஜன் வாயுவில் இரண்டு பயறுகள். இவற்றிலிருந்து ஒரு கடலையும் இரண்டு பயறுகளும் கொண்ட நீர் மூலக்கூறுகளை மிச்சமில்லாமல் செய்யச் சொன்னால், இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்து இரண்டு நீர் மூலக்கூறுகள் ஆகின்றன என்பதை அவள் கையாலேயே கண்டுபிடிப்பாள். மாணவர்கள் இங்கே செய்யும் பொதுவான தவறு, கணக்குச் சரியாக வருவதற்காக நீரின் வாய்பாட்டுக்குள் இருக்கும் சிறிய எண்ணை மாற்றிவிடுவது. நீர் மூலக்கூறில் இன்னொரு ஆக்சிஜனைச் சேர்த்தால் அது நீராக இருக்காது, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும். எத்தனை மூலக்கூறுகள் என்று முன்னால் எழுதும் எண்ணை மட்டுமே மாற்றலாம். இதை அவள் புரிந்துகொண்டுவிட்டால் மனப்பாடம் தானாக நின்றுவிடும்.

மின்சுற்றுக்கு இரண்டு மின்கலங்கள், ஒரே வகையான இரண்டு சிறிய இழை பல்புகள், சில கம்பிகள் போதும். இப்போதைய டார்ச்சுகளில் இருக்கும் எல்.இ.டி. விளக்குகள் இதற்கு உதவா. சுற்றை இணைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டு பல்புகளையும் ஒரே பாதையில் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும்? மின்கலத்துக்கு அருகில் இருப்பதுதான் என்று பல பிள்ளைகள் சொல்வார்கள், ஏனெனில் முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்புகிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே அளவில் எரிவதைப் பார்த்ததும் அந்த எண்ணம் ஆட்டம் காணும். சிறிது வேறுபாடு தெரிந்தால் பல்புகளை இடம் மாற்றிப் பாருங்கள், வேறுபாடு பல்போடு சேர்ந்து நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். கருவிகள் கிடைக்காவிட்டால் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ பாவனைச் சோதனைகளில் மின்சுற்று அமைக்கும் பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் மின்கட்டணக் கணக்கும் வருகிறது. 3 கிலோவாட் கீசர் இரண்டு மணி நேரம் ஓடினால் 6 யூனிட், அதை உங்கள் பிரீபெய்டு மீட்டரோடு ஒப்பிட்டு எத்தனை ரேண்ட் ஆகிறது என்று பார்ப்பதை நீங்களே நடத்தலாம். சுவரில் உள்ள 230 வோல்ட் மின்சாரத்தைச் சோதனைக்கு எக்காரணம் கொண்டும் தொட விடாதீர்கள்.

மகனுக்கு ஆஸ்துமா என்று எழுதியிருப்பதால் பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் தனிமங்கள் ஆக்சிஜனோடு வினைபுரிவது பற்றிய பகுதி உண்டு. கந்தகத்தை எரிப்பதை வீட்டில் செய்யவே கூடாது; அதிலிருந்து வரும் கந்தக டைஆக்சைடு ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும். மெக்னீசியம் நாடாவை எரிப்பதையும் காணொளியில் பார்த்தால் போதும்; அதன் ஒளி கண்ணைப் பாதிக்கும். கழிவறை சுத்தம் செய்யும் அமிலத்தையும் பிளீச்சையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, அதிலிருந்து குளோரின் வாயு வெளிவரும். அமிலம், காரம் பற்றிய பாடத்துக்கு ஆபத்தில்லாத பொருள் உங்கள் அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது: மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவைத்து, சோப்புத் தண்ணீரைத் தொட்டு வையுங்கள், செந்நிறமாக மாறும். எலுமிச்சைச் சாற்றை வைத்தால் மஞ்சளாகவே இருக்கும். சிவந்த இடத்தின் மேல் அதே சாற்றை வைத்தால் மீண்டும் மஞ்சளாகும். சட்டையில் கொட்டிய குழம்புக் கறை சோப்புப் போட்டதும் சிவப்பது ஏன் என்பதற்கு மகனே விடை சொல்லட்டும்.

நீங்கள் தயாராக வேண்டிய முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாடத்தை முழுவதும் கற்றுத் தேர்ந்த பிறகுதான் கற்பிக்க வேண்டும் என்று காத்திராதீர்கள். பிள்ளைகளுக்கு ஒரு பாடம் முன்னால் இருந்தால் போதும். ஒவ்வொரு பாடத்திலும் கடைசியில் உள்ள கேள்விகளை முதலில் படித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினால் எதைத் தேடுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். சியாவுலா நிறுவனம் இந்த நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஏற்ப வெளியிட்டுள்ள அறிவியல் நூல்களை இலவசமாகவே பதிவிறக்கிக்கொள்ளலாம். பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, மகள் உங்களுக்கு ஆசிரியையாக இருந்து தமிழில் விளக்கட்டும், பிறகு தேர்வுக்குரிய ஆங்கிலத்தில் எழுதட்டும். உங்களுக்கு உண்மையிலேயே புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்லுங்கள், தலையாட்டிவிடாதீர்கள். அவளுடைய விளக்கம் எங்கே தடுமாறுகிறது என்பதை அந்த விஷயம் தெரியாதவரே சில வேளைகளில் முதலில் கண்டுபிடிப்பார். இருவருக்கும் தெரியாதவற்றை ஒரு நோட்டில் சேர்த்து வைத்து, நூலகத்துக்கோ நியூடவுனில் உள்ள சை-போனோ அறிவியல் மையத்துக்கோ போகும்போது கையில் எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டுக் கல்விக்கு மாகாணக் கல்வித் துறையில் பதிவு செய்துவிட்டீர்களா என்பதைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் 51ஆம் பிரிவு அதைக் கோருகிறது, 2024இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே பழைய தகவலை நம்பாமல் உங்கள் மாகாணமான கௌட்டெங்கின் கல்வித் துறையிடமே இப்போதைய நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பத்தாம் வகுப்பு. உங்களுக்குக் கற்பிக்க இயலாது என்ற ஒரே காரணத்துக்காக மகளை அந்தப் பாடத்திலிருந்து திருப்பிவிடாதீர்கள். பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு இயற்பியல்–வேதியியலும் முழுமையான கணிதமும் கேட்கப்படும் நிலையில், பதினைந்து வயதில் மூடும் அந்தக் கதவைப் பிறகு திறப்பது மிகவும் கடினம். அவள் விரும்பாமல் விட்டால் அது வேறு. விரும்பும் பிள்ளைக்கு வீட்டின் வரம்பு தடையாகக் கூடாது. அதே வேளையில் அதை நீங்களே கற்பிக்க வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். இதுவரை சொன்ன வழிகள் ஒன்பதாம் வகுப்புவரை நன்றாகவே கைகொடுக்கும். பத்தாம் வகுப்பிலிருந்து திசையன்கள், மோல் கணக்குகள் என்று பாடம் கணிதத்தின் மேல் ஏறி நிற்பதால், பாடம் தெரிந்த ஆசிரியர் ஒருவரோ தொலைதூரக் கல்வி நிறுவனமோ கட்டாயம் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பின் இறுதித் தேர்வில் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தனித்தனியே மூன்று மணி நேரத் தாள்கள், ஒவ்வொன்றும் 150 மதிப்பெண். ஆண்டு முழுவதும் செய்யும் பணிகளுக்கும் சோதனைகளுக்கும் மொத்தத்தில் கால் பங்கு போகிறது. அமில–காரத் தரம்பார்த்தல் (கரைசலின் செறிவை அளந்து கண்டறிவது) போன்ற சோதனைகளுக்கு உண்மையான ஆய்வகம் தேவை, அவற்றைச் சமையலறையில் செய்ய முயல வேண்டாம்.

கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கிவிடும் என்பதால், ஆண்டின் மூன்றாம் பருவத்துக்குள் இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு எழுதுங்கள். அவர்களுடைய மாணவர்கள் எந்தத் தேர்வு வாரியத்தின் கீழ் எழுதுகிறார்கள், ஆய்வகச் சோதனைகள் எந்த இடத்தில், யாருடைய மேற்பார்வையில் நடக்கின்றன, மகள் ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டால் எத்தனை நாளில் ஆசிரியர் பதில் தருவார் என்பனவற்றைக் கேளுங்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் தேர்வு வழியை நினைத்தால், அதன் பத்தாம் வகுப்பு அளவிலான ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வில் இயற்பியலிலும் வேதியியலிலும் நேரடிச் செய்முறைத் தேர்வுக்குப் பதிலாக எழுதக்கூடிய தாள் ஒன்று உண்டு; வீட்டில் படிப்பவர்கள் பலர் அதை எழுதுகிறார்கள், ஆனால் கருவிகளைக் கையாண்டு பழகாத பிள்ளைக்கு அந்தத் தாளும் எளிதாக இராது. கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள், அந்தப் பதில்களை மகளோடு உட்கார்ந்து படித்து, எந்த நிறுவனம் என்பதை அவளையும் சேர்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.